மேடையிலிருந்து இறங்கினால்

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துவிட்டது. எப்படிக் குளிப்பாட்டுவது என்பதுதான் முடிவாகவில்லை.

அம்மா பிறந்த மதம் வேறு, அப்பாவின் மதம் வேறு. அவள் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி வீட்டில் பேச்சே வந்ததில்லை. இப்போது பின்னறையில், கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் அக்கா, அந்தப் பக்கம் அப்பாவின் தங்கை.

“எப்படிப் பொறந்தாளோ அப்படியே குளிப்பாட்டுறதுதான் எங்க வழக்கம். எல்லாரும் பொம்பளைங்கதானே? சாமி குடுத்த உடம்புக்கு என்ன வெக்கம்?” என்றாள் பெரியம்மா.

“எங்கள்ல அது பாவம்க்கா. செத்தாலும் மானம் மானம்தான். போர்வைக்கு அடியில கையை விட்டுத்தான் கழுவணும்” என்றாள் அத்தை.

“கண்ணை மூடிக்கிட்டுக் கழுவ இவ என்ன அண்டாவா?” பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடி.”

“இவகிட்டயா கேக்கறீங்க? இவ வாயைத் தொறந்தா மழை கொட்டிடும்” என்றாள் அத்தை.

நான் அம்மாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓவியக் கல்லூரியில் அம்மா கூட்டிப் பெருக்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அப்பாவும்கூட. அங்கே அவள் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக நின்றாள், உடம்பில் துணியில்லாமல். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அண்ணன் அங்கே படித்தான். அவன் வரைந்த தாள் கைமாறிக் கைமாறி என் மேசைக்கு வந்தது. முகம் அச்சு அசல் அம்மா. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

காரணம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “மேடையில நிக்கறப்ப அது வேலை. பாதத்தைச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டுடுவாங்க, இடைவேளை முடிஞ்சதும் அதே இடத்துல நிக்கணும்ல. கீழ இறங்கினா உடனே நீலக் கோட்டு ஒண்ணை எடுத்து மாட்டிக்குவேன். இறங்கினப்புறம் பாத்தா அதுதான் அசிங்கம். அது அங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் பாக்க மாட்டாங்க.”

“அந்தப் படத்துல மாதிரி கையைத் தூக்கியே வெச்சிருந்தா வலிக்காதா?” என்று கேட்டேன்.

“மரத்துப்போற வரைக்கும்தான் வலி.”

ஆஸ்பத்திரியில் ஒருநாள் சொன்னாள்: “நான் போனா அந்த நீலக் கோட்டைப் போட்டு மூடிடு. சும்மா கிடக்கறப்ப என்னை யாரும் பாக்கக் கூடாது.” சரி என்றிருந்தேன்.

அம்மாவின் வேலைப் பையிலிருந்து அந்த நீல அங்கியை எடுத்து வந்தேன். கைப்பகுதியில் கரி அப்பியிருந்தது.

“பெருக்கறவளுக்கு எதுக்குடி கோட்டு, பெரிய ராணி மாதிரி?” என்றாள் பெரியம்மா.

“இதென்ன, ஒரே கரி?” என்றாள் அத்தை.

“அங்க கரியாலதான் வரைவாங்க. இதை மேல விரிச்சுப் பிடிச்சுக்கறேன், நீங்க அடியில கழுவுங்க. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனவள் பேச்சைத் தட்டக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு மதமும் ஒத்துப்போயின.

அங்கியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். பெரியம்மா தண்ணீர் ஊற்றினாள். அத்தையின் கைகள் துணிக்கடியில் நகர்ந்தன. எந்தப் பக்கம் முதலில் என்று மறுபடி ஒரு சண்டை. என் தோள் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

அம்மாவுக்குப் புடவை கட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். நனைந்த அங்கியை வாசல் கொடியில் போட்டேன்.

கல்லூரியிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அப்பா எழுந்து நின்றார்.

“அவ கூட்டறப்ப பாத்திருப்பீங்க, இல்லம்மா?”

முன்னால் நின்றவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கொடியிலிருந்த அங்கி அவள் கண்ணில் பட்டது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள்.

“ஆமா அங்கிள். எங்க ரூமைத்தான் கூட்டுவாங்க. ரொம்பச் சுத்தமா வெச்சிருப்பாங்க.”

அப்பா தலையாட்டினார். அவர்கள் உள்ளே போனார்கள்.

அங்கி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை.