இரண்டாவது ஜோடி

காரின் முன்கண்ணாடியின் மேல் பழைய துண்டொன்றை மடித்துப் போட்டுவிட்டுத்தான் குலாம் முகம்மது வைப்பர் கையைத் தூக்கினார். கை நழுவி அது விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். முப்பது வருடங்களாகச் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கிளிப்பை நகத்தால் அழுத்திப் பழைய பிளேடைக் கீழே இழுத்தால் கழன்று வந்துவிடும். ஒரு நிமிட வேலை. இன்று கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை. பத்து நாளில் இது இரண்டாவது ஜோடி. போன ஜோடி தண்ணீரை வழிக்காமல் கண்ணாடியில் மெழுகுகிறது என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்திருந்தார்.

வாசல்படியில் நின்று மகள் அம்ரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம். நாளைக் காலை அவளை ஸ்கேனுக்குக் கடலூர் அழைத்துப் போக வேண்டும். வேறு வண்டி பார்க்கலாம் என்று அவள் சொன்னதற்கு, 'எம் பொண்ண இன்னொருத்தன் வண்டியில அனுப்புவனா?' என்று கோபப்பட்டிருந்தார்.

"அத்தா, சின்ன பிளேட ஒங்க பக்கம் மாட்டிட்டீங்க."

அவர் தடவிப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் அளந்தார். பிறகு கழற்றி மாற்றினார். ஓட்டுநர் பக்கத்துக்கு நீளமானது என்பதை அவர் மறக்கக்கூடியவர் இல்லை. அம்ரீன் படியிறங்கிக் காருக்குப் பக்கத்தில் வந்தாள்.

தூறல் விழ ஆரம்பித்தது. இருவரும் காருக்குள் ஏறிக்கொண்டார்கள். அவர் வைப்பரைப் போட்டார். புது ரப்பர் ஒரு சத்தமும் இல்லாமல் போய் வந்தது. எதிர்வீட்டு முருங்கையில் நனைந்த காக்கை, கேட்டில் தொங்கிய பால் பை, 'வீடு வாடகைக்கு' என்று எழுதிய அட்டை, அதன் கீழே பத்து இலக்க எண் எல்லாம் அம்ரீனுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"இதுவும் மட்டமான மாலுதான்," என்றார் அவர். "பாரு, ஒரே பொக."

"அத்தா, அந்த கேட்ல என்ன எழுதியிருக்கு?"

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வைப்பர் நாலைந்து முறை போய் வந்தது.

"டாக்டரு ஆடி மாசமே சொன்னாரு. சக்கர ஜாஸ்தியாயி கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசியுதாம். ஒங்கம்மாகிட்ட சொல்லல."

"அப்பறம் எப்படி ஓட்டுனீங்க?"

"ரோடுதான் மனப்பாடமாச்சேம்மா. எங்க பள்ளம், எங்க திருப்பம்னு கைக்கே தெரியும்."

"எதுர்ல வர்றவங்க மனப்பாடமா அத்தா?"

கேட்ட பிறகுதான் இவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. அவர் பேசியபோது குரல் அவருடையதாகவே இல்லை.

"போன வெள்ளிக்கெழம. ஆலப்பாக்கத்துக்கிட்ட. ஒரு சைக்கிள்காரரு. லேசாத்தான் இடிச்சிது. எறங்கிட்டேன், ஆனா ஆளு எங்க கெடக்குறாருன்னே தெரியல. அவரு என்னய அசிங்கமா திட்டுனாரும்மா. அந்தச் சத்தத்தக் கேட்டப்பறம்தான் உசுரு இருக்குன்னு தெரிஞ்சிது. அல்ஹம்துலில்லாஹ்னு அங்கயே ஒக்காந்துட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா டீ ஆறுகிறதென்று கூப்பிட்டாள். அம்ரீன் அவர் கையைப் பிடித்தாள். விரல் நுனிகளில் ரப்பர்க் கறுப்பு ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகம் கிளிப்பில் பட்டுப் பிய்ந்திருந்தது. அதையும் அவர் கவனித்திருக்கவில்லை.

"நாளைக்கி நம்ம ஸ்டாண்டு செம்பியன் வண்டியச் சொல்லிடு," என்றார். "மெதுவா ஓட்டுவான். நான் பின்னாடி ஒக்காந்துக்குறேன்."

சொல்லிவிட்டு, தேடாமல் கையை நீட்டி வைப்பரை நிறுத்தினார். மழை வலுத்தது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக முருங்கை மறைந்தது, அட்டை மறைந்தது, பிறகு தெருவே மறைந்துபோனது. அம்ரீன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.