கார்டின் ஓரத்துப் பூட்டு

கார்டுக்கடை அக்கா மெமரி கார்டின் ஓரத்திலிருந்த பூட்டைக் கீழே தள்ளிய செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தத் தெருவில் எதையும் அழிக்க முடியாமல் போனது. முந்தின நாள்தான் நகராட்சி நாற்பத்தொரு வீட்டுக் கதவுகளிலும் இடிப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சாலை அகலமாக வேண்டுமாம். அக்கா சண்டைக்குப் போகவில்லை. தெருவை வீடு வீடாகப் படம் பிடிக்க முடிவு செய்தாள். எந்தக் கார்டில் பிடிப்பது என்பதில்தான் அவளுக்கு யோசனை. தீப்பெட்டி அகலத்துக்கு இருந்த பழைய தடிக் கார்டு பலசாலிதான். ஆனால் செருகும்போது சற்றுக் கோணினால் கேமராவுக்குள் ஊசிகள் வளைந்து உயிரை வாங்கும். நகத்தளவு கார்டில் இடம் கொள்ளை கொள்ளையாக உண்டு, போனுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு தும்மலில் காணாமல் போகும், பூட்டும் கிடையாது. தபால்தலை அளவு நடுத்தரக் கார்டுக்கு மட்டும் இடது ஓரத்தில் எறும்பளவு பூட்டு இருந்தது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளதை அழிக்கவும் முடியாது, புதிதாக எழுதவும் முடியாது. அக்கா அதில் படம் பிடித்து, பூட்டைத் தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை இயந்திரம் வந்து மூன்று வீடுகளைத் தரைமட்டமாக்கியது. வியாழன் காலை மூன்றும் படத்தில் இருந்தபடியே கொடியில் காயும் துணியோடு நின்றன. இரண்டு வாரம் இப்படியே இடிப்பதும் எழுவதுமாகப் போக, நகராட்சி இஞ்சினியர் கடைக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பூட்டு சும்மா பேருக்கும்மா. மெஷின் மதிச்சாத்தான் அது பூட்டு."

"மதிக்காத மெஷின் எத்தனை இருக்கோ அத்தனையும் கொண்டாங்க சார், பாத்துரலாம்."

கார்டை அவர் கையிலேயே கொடுத்தாள். எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் தன் லேப்டாப்பில் போட்டு அழித்தார். லேப்டாப்தான் காலியானது.

ஆனால் பூட்டு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. புதிதாக வாங்கிய நாற்காலி மறுநாள் காலை தெருமுனைக்கு வெளியே நின்றது. யாருக்கும் நகம் வளரவில்லை. அக்காவின் தம்பி மனைவி தையல்காரி, எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் வயிறு பன்னிரண்டு மாதமாகியும் எட்டிலேயே நின்றது. வேறு எங்காவது போய்ப் பெற்றுக்கொள்ளலாமே என்று இஞ்சினியர் சொல்லியனுப்பினார். பெற்றுக்கொண்டு? பிள்ளையும் அந்த நாற்காலி போலத் தெருமுனையில் கிடக்கவா? என்றைக்காவது திறந்துதானே ஆக வேண்டும் என்று அவர் தெருமுனையில் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். கடைசியில் தம்பி மனைவியே அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, எனக்குப் பிள்ளையும் வேணும், இந்த வீடும் வேணும். ஒண்ண விட்டுக்குடுன்னு சொல்லாதீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா பூட்டைத் திறந்தாள். நிலுவையிலிருந்த மாதங்கள் ஒரேயடியாக இறங்க, அந்த நிமிடமே தம்பி மனைவிக்கு வலி எடுத்தது. தெருமுனையில் இயந்திரம் உறுமியது. தெருக்காரர்கள் கட்டிலையும் பீரோவையும் குறுக்கே போட்டு, பின்னால் தாங்களும் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை, இயந்திரம்தான் அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் மஞ்சள் கை தம்பி வீட்டு ஜன்னல் கம்பியை வளைத்தபோது உள்ளே பெண்குழந்தை அழுதது. அக்கா ஒரு படம் எடுத்தாள், பூட்டைத் தள்ளினாள். அவசரத்தில் பிள்ளைக்குப் பின்னால் ஜன்னலோடு இயந்திரமும் படத்தில் விழுந்திருந்தது. அன்று மாலை நகராட்சி ஆட்கள் இயந்திரத்தைக் கட்டி இழுத்துப் போனார்கள். காலையில் ஜன்னலோரம் வந்து நின்றது. கம்பிகள் வளைந்தே இருந்தன, போகட்டும்.

அதன்பின் பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அக்கா பூட்டை ஐந்து நிமிடம் திறக்கிறாள். அந்த ஐந்து நிமிடத்தில் தெரு மொத்தத்துக்கும் ஒரு வயது ஏறும், பிள்ளை மளமளவென்று வளர்வாள். நகராட்சியும் தவறாமல் ஓர் இயந்திரம் அனுப்பும், திரும்பப் பூட்டுமுன் அக்கா எடுக்கும் படத்தில் அதுவும் விழும். இப்போது பிள்ளைக்கு ஆறு வயது, இயந்திரங்கள் ஏழு. அவற்றின் கைகளில் துணி காயப்போடுகிறார்கள். போன வாரம் அவள் கடைக்கு வந்து, "மஞ்சள் போதும் அத்தை, இந்தத் தடவை சிவப்பு அனுப்பச் சொல்லு" என்றாள். அக்கா அதை அப்படியே எழுதி நகராட்சிக்குத் தபாலில் போட்டாள்.