மந்திரியின் நாலாவது சான்றிதழ்

மந்திரிக்கு விதையில் கட்டி என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அழுகை வரவில்லை. நாய்க் கண்காட்சிக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“உடனே எடுத்துடணும்மா. எடுத்துட்டா பிழைச்சுக்குவான்.”

“எடுத்துட்டா ரிங்ல நிறுத்த முடியாதே, டாக்டர்.”

ஆண் நாய் என்றால் விதை இரண்டும் இருக்கவேண்டும். நடுவர் தொட்டுப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் வெளியே போ என்பார். சர்வதேச சாம்பியன் பட்டத்துக்கு நாலு சான்றிதழ் வேண்டும். மந்திரியிடம் மூன்று இருந்தன. பதினெட்டு வருஷமாக இந்தப் பட்டத்துக்காக நாயாய் அலைந்திருக்கிறேன். ஒரு நாய்க்கு முடி கொட்டியது, இன்னொன்று நடுவரையே கடிக்கப் போனது. இவனைப் போல் ஒருத்தன் இனி எனக்குக் கிடைக்கமாட்டான்.

“நாலு வாரம்தான், அதுக்கப்புறம் எடுத்துடலாம்” என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்காரர் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். “கல்யாணத்துக்கு முன்னாடி என் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம விட்டியே, அதுவே பெரிசு” என்பார். அன்று மட்டும், “அவன் வலியைச் சொல்லமாட்டான்டி” என்றார். நான் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

கண்காட்சி இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை நடுவர் உயரம் பார்க்கிறவர், மந்திரியோ அரை விரல் குட்டை. சனிக்கிழமை நடுவருக்கு நடை அழகாக இருந்தால் போதும். அதனால் கட்டி தெரிவதற்கு முன்பே சனிக்கிழமைக்கு மட்டும் பெயர் கொடுத்திருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மந்திரி நடந்த நடை இருக்கிறதே! பின்னங்கால் கொஞ்சம் அகன்றது எனக்கு மட்டும்தான் தெரியும். நடுவரின் கை வயிற்றுக்கடியில் போய் ஒரு நொடி நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிமிர்ந்து அடுத்த நாயிடம் போனார். சான்றிதழைக் கொடுக்கும்போது குனிந்து, “சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றார். நான் தலையாட்டிவிட்டு அலுவலக மேஜைக்கு ஓடினேன்.

மேஜையில் இருந்த பெண் நாலு தாள்களையும் வரிசையாக வைத்தாள். முதல் தாளின் தேதியில் அவள் விரல் நின்றது.

“இது போன வருஷம் இதே தேதி, அக்கா. முதலுக்கும் கடைசிக்கும் நடுவுல ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகணுமே.”

“ஆயிடுச்சே, எண்ணித்தானே வந்தேன்!”

“முதல் நாளையும் சேர்த்து எண்ணிட்டீங்கபோல. ஒரு நாள் குறையுது.”

அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். நாளைக்கு ஒரு இடம், ஒரே ஒரு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன், மேஜையைத் தட்டினேன். பெயர்ப் பட்டியல் எப்போதோ மூடியாயிற்று. அடுத்த கண்காட்சிக்கு ஏழு வாரம் இருக்கிறதாம். மேஜையடியில் மந்திரி மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டான். வீட்டுக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் வண்டியை விட்டார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பி, வெள்ளையாகத் தெரிந்த இடங்களைப் பேனாவால் காட்டினார்.

“வயித்துக்குள்ள பரவிடுச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வலிக்கு மருந்து தரேன்.”

“எவ்வளவு நாள் இருப்பான்?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“ரெண்டு மாசம் இருந்தா பெரிசு.”

அவர் மந்திரியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை முட்டியது. ஆனால் அதற்கு முன்னால் என் வாய் திறந்துவிட்டது.

“அப்போ விதை ரெண்டையும் எடுக்கப்போறதில்லையே, டாக்டர்?”

வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு மந்திரியைத் தூக்கிக்கொண்டு, எனக்காகக் காத்திருக்காமல் வெளியே போனார்.