இரண்டும் இடது கை

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். தையல் மாஸ்டர் தலைப்பாகை கட்டுகிறவர் இல்லை. வந்தது நேராகத் தலைக்கே வந்தது. வந்ததோடு போகவும் இல்லை.

தையல் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறும்போது எப்போதும் சிக்கும். அதை முழுசாகத் தூக்கப் பொறுமை இல்லாமல் முப்பது வருடமாகக் குனிந்தே நுழைந்து பழகியவர் அவர். அன்றைக்கு மட்டும் அரை அடி முன்னாலேயே நிமிர்ந்துவிட்டார். உச்சந்தலையில் இரும்பு. சொட்டு ரத்தம் இல்லை. ஸ்கேன் படத்திலும் ஒன்றும் இல்லை. "மூளை நல்லாக் குலுங்கியிருக்கு" என்றார் டாக்டர். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம், இதற்கு ஓய்வுதான் கட்டு என்றும் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, அதை உங்கள் தலைதான் சொல்ல வேண்டும் என்றார்.

தலை சொல்லியது. பாத்திரத்தில் கரண்டி பட்டால் பல் கூசியது. டியூப் லைட்டைப் போட்டால் கண்ணுக்குள் ஊசி இறங்கியது. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் புரியவில்லை. பேப்பரை விரித்தால் வரிகள் நகர்ந்தன. மனைவி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள் என்பதற்காக அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, போர்வைக்குள் போய் அழுதார். ஏன் அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் அழுதார். வருகிறவர்களோ, ஆளைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே என்றார்கள். கையில் ஒரு மாவுக்கட்டு இருந்திருந்தால் கிடைத்திருக்கும் மரியாதை, வெறும் தலைக்குக் கிடைக்கவில்லை.

நாலாவது வாரம், போதும் இந்த இருட்டறை வாசம் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். மனைவி தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காலையில் பதினோரு மணிவரை அவர் வெட்டுவது, பிறகு வீட்டுக்குப் போய்ப் படுப்பது, அவர் போன பிறகுதான் அவள் மெஷினை மிதிப்பது. மெஷின் சத்தம் அவருக்கு ஆகாது என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்தக் கடையில் வெட்டுவது அவர், தைப்பது அவள், பொத்தானும் இஸ்திரியும் அவள் தம்பி. அவனை எல்லாரும் பொத்தான் என்றே கூப்பிடுவார்கள். மாஸ்டருக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றவர்கள் துணியை இரண்டாக மடித்து வெட்டுவார்கள். மடித்து வெட்டினால் சட்டையின் ஒரு கை இடது, ஒரு கை வலது என்று தானாக அமையும். இவர் துணியை ஒற்றையாக விரித்து, சந்து பொந்திலெல்லாம் காகித அச்சைச் செருகி வெட்டுவார். துணி மிச்சமாகும். ஆனால் இரண்டாவது கையை வெட்டும்போது அச்சைத் திருப்பிப்போட மறக்கக் கூடாது. மறந்தால் இரண்டும் இடது கைதான். அதற்காகத் தொழில் பழகுகிறவர்கள் ஒவ்வொரு துண்டிலும் சாக்கட்டியால் 'இ', 'வ' என்று எழுதிக்கொள்வார்கள். எழுதி வெட்டுகிறவனுக்குப் பள்ளிக்கூடம் போதாதா, கடை எதற்கு என்று மாஸ்டர் கிண்டல் செய்வார்.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. "தலை மறந்தாலும் கை மறக்காதுடா மச்சான்" என்று பொத்தானிடம் பீற்றிக்கொண்டார். அவன் இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு, ஆமாம் மாமா என்றான்.

அப்போதுதான் வக்கீலம்மா ஒரு துணியோடு வந்தார். அவருடைய அப்பா பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் கோட்டுக்கென்று வாங்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாராம். கருப்புக் கம்பளித் துணி, ஒரு கோட்டுக்குச் சரியாக இருந்தது, ஒரு விரற்கடைகூட மிச்சம் இல்லை. அப்படிப்பட்ட துணி இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை. ஒற்றையாக விரித்து வெட்டினால்தான் உண்டு. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் உற்சாகம். இதை வெட்டி முடித்தால் தான் பழைய ஆள்தான் என்று ஊருக்கே நிரூபணம் ஆகிவிடும்.

மனைவி மட்டும் நாளைக் கடத்தினாள். முதலில் உள்துணி வரவில்லை என்றாள். பிறகு பெரிய கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது என்றாள். கத்தரி போன இடத்திலேயே குடும்பம் நடத்தியது. "என் கைமேல உனக்கு நம்பிக்கை போயிடுச்சா?" என்று கேட்டார். அவள் மெஷின் பாபினில் நூல் சுற்றினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பியவர் பாதி வழியில், வெயிலுக்குப் போடும் கருப்புக் கண்ணாடியை விட்டுவந்தது நினைவுக்கு வந்து திரும்பினார். வெயில் கண்ணைக் குத்தியது. கடையில் மெஷின் சத்தம் இல்லை. மனைவி தரையில் உட்கார்ந்து, சாணைக்குப் போனதாகச் சொன்ன அதே கத்தரியால் ஒரு சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் காலையில் அவர் வெட்டிய கோடு போட்ட துணியின் இரண்டு கைகள் இருந்தன. தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் இடது. உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கிற துணியானால் ஒன்றைத் திருப்பிப்போட்டுத் தப்பிக்கலாம். இது அப்படிப்பட்ட துணி இல்லை. பொத்தான் வேறு அதே கோடு போட்ட புதுத்துணி வாங்கிவந்து நின்றுகொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவினான்.

அவள் மெஷினுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. மாஸ்டர் அதை இழுத்து மேஜைமேல் கொட்டினார். கைகள், காலர்கள், தலைகீழாக வெட்டிய பைகள். எல்லாம் அவர் கை வேலை. துணி நாடாவால் கட்டுக் கட்டாகக் கட்டியிருந்தது.

முதலில் வந்தது வெட்கம்தான். ஆனால் அது கோபத்தின் வேஷத்தில் வந்தது.

"என் முட்டாள்தனத்தை எல்லாம் சேத்து வெச்சிருக்கியா? யாருக்குக் காட்ட?"

"டாக்டருக்கு" என்றாள். அவள் குரல் உயரவில்லை. அவர் தலைக்குச் சத்தம் ஆகாது என்று அப்போதும் அவளுக்கு நினைவிருந்தது. "எப்படி இருக்கார்னு வாரா வாரம் குறிச்சுட்டு வாங்கன்னார். உங்களைக் கேட்டா எனக்கென்ன, நல்லா இருக்கேன்னு சொல்வீங்க. இது பொய் சொல்லாதில்ல."

ஒவ்வொரு கட்டாக எடுத்து வரிசையாக வைத்தாள்.

"நீங்க திரும்பி வந்த வாரம் ஒம்பது. அடுத்த வாரம் ஏழு. மூணாவது வாரம் எட்டு, அப்ப நீங்க தூங்கவே இல்ல. அப்புறம் நாலு. அப்புறம் மூணு. இதோட இந்த வாரம் ரெண்டுதாங்க. ஒண்ணுமே இல்லாத வாரம் வரட்டும், அன்னிக்கு இதையெல்லாம் உங்க கையில குடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் அந்தக் கோட்டுத் துணியைத் தொட வேண்டாம்னு பாத்தேன். அதுக்கு மாத்துத் துணி கிடைக்காது."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டுகள் இடமிருந்து வலமாகச் சிறுத்துக்கொண்டே வந்தன. தன் தோல்வி என்று அவர் கொட்டியதை, அவள் தன் புருஷன் தேறிவருகிறான் என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆறு வாரமாகத் தான் குணமாகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவர். குணமாகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். இந்தத் தடவை ஏன் அழுகை வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவரே வக்கீலம்மாவுக்கு போன் செய்தார். "எனக்குத் தலையில அடி பட்டிருக்கும்மா. இன்னும் சரியாகல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கோட்டுக்குப் பத்து நாள் ஆகும், வேறு கடையில் கொடுப்பதானாலும் வருத்தமில்லை என்றார். பதினோரு வருடம் பெட்டியில் இருந்தது பத்து நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார் வக்கீலம்மா.

நாலு நாள் வெட்டினார், நாளைக்கு ஒரு மணி நேரம். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டார். கருப்புத் துணியில் சாக்கட்டியால் ஒவ்வொரு துண்டிலும் எழுதினார். 'இ'. 'வ'. பொத்தான் பார்த்தான், சிரிக்கவில்லை. கத்தரி வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் மனைவியைக் கூப்பிட்டு, பார்த்துவிடு என்றார். இரண்டாம் நாள் முதுகுத் துண்டின் நடுவில் இருக்கும்போது கோடு அலைபாய்ந்தது. முன்பானால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பார். அன்று கத்தரியைக் கீழே வைத்து, "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பாதி வெட்டிய துணி அந்த மேஜையில் கிடந்தது முப்பது வருடத்தில் அன்றுதான்.

வக்கீலம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினார். அப்பா பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அதே வாரம் சனிக்கிழமை. ஒரு வாத்தியாருடைய சாதாரணச் சட்டைதான். எழுதித்தான் வெட்டினார். ஆனால் இரண்டு துண்டிலும் 'இ' என்றே எழுதியிருந்தார். வெட்டி முடித்துக் கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. பொத்தான் பக்கத்தில் இல்லை. காலடியில் கழிவுத்துணிக் கூடை இருந்தது. கையை நீட்டினால் போதும், ஒரு துண்டு குறைந்ததை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தச் சட்டைக் கையை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"இந்த வாரம் இது ஒண்ணு" என்றார். "கட்டி வை. டாக்டர்கிட்ட நானே காட்டறேன்."