ஏழாம் நோன்புக் கஞ்சி

முனாப் சவர பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியைத் தாளில் மடித்து ஜன்னல் கட்டையில் வைத்தார். "மழை வரும் போல ஈக்கி. உடுப்புகள வெளிய போட வாணாம்" என்றார். தையல் மெஷினில் குனிந்திருந்த மனைவி றம்லத் தலை நிமிராமலே சரி என்றாள். ஸ்திரி போட்ட சட்டையோடு அவர் படியிறங்கிப் போனார்.

கண்டி டவுனில் சொந்தப் புடவைக்கடை வைத்திருந்தவர். விலைகள் ஏறி, வாங்க ஆளில்லாததால், போன வருடம் கடையைப் பூட்டிவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் வேறொருவர் கடையில் காசாளராக நின்றார். அவர்கள் ஊரான அலவத்துகொடயில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் முதலாளி என்றே கூப்பிட்டார்கள். மாத்திரையை வெட்டத் தொடங்கியபோது, "டொக்டர் கொறச்சிட்டார்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அன்று பதினொரு மணிக்கு அந்தக் கடைப் படியிலேயே விழுந்தார். பேராதனை ஆஸ்பத்திரியில், பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் குடித்தாரா என்று கேட்டார்கள். ஒரு நாளும் தவறவில்லை, தினமும் பாதி என்றாள் றம்லத். கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரும் எதையும் குறைக்கவில்லை என்பது அந்தப் பார்வையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில், இன்னும் பாதி மிச்சமிருக்கும்போது நோன்பு வந்தது. தலைநோன்புக்கு மூன்று நாள் முன்னால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஹுஸைன் ஹாஜியார் வந்தார். றம்லத் திரைக்குப் பின்னால் நின்றாள். திரைக்கும் தரைக்கும் இடையே அவருடைய செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பை. அந்தப் பையை அவளுக்குத் தெரியும். அரிசி, பருப்பு, சீனி, ஈச்சம்பழம். இல்லாத வீடுகளுக்கென்று வருடா வருடம் முனாப் வாங்கிக் கொடுத்த பைகளுக்கு வாய் கட்டியவளே அவள்தான். இது யாருக்கு என்று கேட்டால் அவர் சொல்லமாட்டார். "கேக்க வாணாம். நாளைக்கு நீ அந்த மனிசிர மொகத்தப் பாக்கோணும்" என்பார்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஒரு விஷயம் செல்லத்தான் வந்த..."

"தெரியும் ஹாஜியார். ஏழாம் நோன்புக் கஞ்சிதானே. எப்பவும் போல எங்கட வீட்டால தாறோம்."

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுப் பொறுப்பு. ஏழாம் நாள், முனாப் தன் வாப்பாவின் பேரில் இருபது வருடமாகக் கொடுத்து வந்த நாள். திரைக்குக் கீழே ஹாஜியாரின் கால்விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

"கஷ்டமெண்டா இந்த வருஷம் வேற ஆளுக்கு..."

"கஷ்டம் ஒண்டுமில்ல."

பை தரையைவிட்டு எழும்பியது. அதற்குள் அரிசி சரியும் ஓசை அவளுக்குக் கேட்டது.

மகள் றிப்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "வந்த அரிசிய திருப்பி அனுப்பிட்டு ஊருக்குக் கஞ்சி காச்சப் போறீங்க. நல்ல முதலாளி வீடுதான் உம்மா."

றம்லத் மெஷின் மேலிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் றிப்காவின் குரல் இறங்கியது.

"மெஷினயும் வித்திட்டு என்தால தின்ற?"

"நோன்புதானே. பகல்ல தின்னத் தேவல்ல" என்றாள் றம்லத். இருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் அக்குறணையிலிருந்து ஒருவர் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில், சீமெந்துத் தரையில் நாலு வெளிறிய புள்ளிகள் மிஞ்சின.

ஏழாம் நாள் அஸர் தொழுகை முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது. இன்றைய கஞ்சி மர்ஹூம் முனாப் அவர்களின் குடும்பத்தாருடையது என்று சொன்னார்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். அதைக் கேட்டால் நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறைச்சியும் ரம்பை இலையும் சேர்ந்து வெந்த வாசம் ஜன்னலால் வந்து பசியைக் கிளறியதுதான் மிச்சம். ஜன்னல் கட்டையில் பாதி மாத்திரை வைத்த அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

பக்கத்து வீட்டு அபீபா, பள்ளியிலிருந்து தன் வாளியோடு நிரப்பிக் கொண்டுவந்த றம்லத் வீட்டு நீல வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பள்ளியில் கஞ்சி ஊற்றும் மஹ்மூத் நானாவுக்கு ஊர் வாளிகள் எல்லாம் மனப்பாடம். ஆளுக்கு ஓர் அகப்பை. வாளியைப் பார்த்தே, அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்காக ஊற்றிவிடுவார். கஞ்சி கொடுத்த வீடு என்று ஓர் அகப்பை கூட்டவும் மாட்டார்.

நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. றிப்கா ஆளுக்கு ஓர் அகப்பையாக இரண்டு கோப்பைகளை நிரப்பினாள். பிறகு, முந்திய ஆறு நாளும் செய்தது போல, வாளியை மூடி, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கென்று எடுத்து வைத்தாள். அதில் மூன்றாவது அகப்பைக் கஞ்சி இருந்தது.