இரண்டு பாதிக் கடவுச்சொல்

காலையில் நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். எனக்கு முன்னால் அவன் வந்த சரித்திரமே கிடையாது. அப்போதே எனக்கு மூக்கு வியர்த்தது.

"ஸ்கிரீன் வரல மச்சான்" என்றான். "ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்."

"நேத்து நல்லாத்தானே இருந்துது?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. நேத்து யாரு பாத்தா?"

யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லையே, இவன் ஏன் முந்திக்கொண்டு பதில் சொல்கிறான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவன். அதற்கு முன்னால் என்னோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கட்டட வரைபடம் படித்தவன். மூன்று பேரும் சேர்ந்துதான் இந்த ஆபீஸை நடத்துகிறோம். நானும் அவனும் வீட்டு பிளான் வரைகிறோம். தங்கை, முப்பது தாண்டியும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான், வருகிறவர்களிடம் பேசுவாள், போனை எடுப்பாள், எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பாள். இதில் கடைசி வேலைதான் பெரிய வேலை. போன வாரம் ஜன்னல் அளவு யார் மாற்றியது என்பதில் நாங்கள் மல்லுக்கு நின்றபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் கிளம்பிடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல" என்றாள். அவள் போனால் இந்த ஆபீஸுக்கு ஈ காக்கை வராது. எங்கள் இருவர் முகத்தைப் பார்த்து எவன் வீடு கட்டக் கொடுப்பான்?

அதனால் அன்று சண்டை போடக்கூடாது என்ற தீர்மானத்தோடுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மதியத்துக்குள், கிளினிக் கட்டப்போகும் டாக்டரம்மாவுக்கு மூன்று மாடி பிளானும் பிரிண்ட் ஆகியிருக்க வேண்டும்.

எங்களுடையது லினக்ஸ் கம்ப்யூட்டர். பெயர் கேட்டது, மூன்று பேருக்கும் தெரிந்த அன்றாட பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன். திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடி பெயர் கேட்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி கறுத்தது, மறுபடி பெயர் கேட்டது. வாசல் வரைக்கும் கூப்பிட்டுவிட்டு முகத்தில் கதவைச் சாத்துகிற உறவுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அதே குணம்.

"டிஸ்க் நெறஞ்சிருக்குமோ?" என்றான் மாப்பிள்ளை.

"பாக்கலாம்."

படம் இல்லாத வெறும் எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே அதே பாஸ்வேர்டை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. பிளான்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது. ஆக, கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, படத்தைக் காட்டத்தான் மறுக்கிறது. தான் என்ன செய்தேன் என்று அது எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் புலம்பியிருந்தது: திரையைத் திறக்கும் அனுமதிச் சீட்டில் எழுத முடியவில்லை.

அனுமதிச் சீட்டு என்பது எங்கள் ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு சின்ன ஃபைல். எங்கள் ஃபோல்டரில் இருப்பது எங்கள் பெயரில்தானே இருக்க வேண்டும்? சொந்தக்காரர் யார் என்று பார்த்தேன். ரூட் என்று இருந்தது. ரூட் என்றால் கம்ப்யூட்டருக்கே முதலாளி. தேதி, நேற்று. நேரம், மதியம்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த முதலாளிக் கணக்கின் கடவுச்சொல் எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. முதல் பாதி என்னிடம், இரண்டாவது பாதி மாப்பிள்ளையிடம். ஆபீஸ் ஆரம்பித்த அன்றே செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒருவனுக்குத் தெரியாமல் இன்னொருவன் அன்றாட பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியே தள்ளிவிட்டு, எல்லா பிளானோடும் தனிக்கடை போட்டுவிடக்கூடாதே. ஏதாவது புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் நான் என் பாதியை அடிப்பேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பான். பிறகு அவன் அடிப்பான், நான் திரும்பி நிற்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

இப்போது யாரோ ஒருவர் நேற்று மதியம் இரண்டு பாதியையும் தனியாக உட்கார்ந்து அடித்திருக்கிறார். அது நான் இல்லை.

"என்ன மச்சான், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஃபைலுக்கு வேறு பெயர் மாற்றி ஓரமாகத் தள்ளினேன். ஃபோல்டர் எங்களுடையது என்பதால் அதற்கு முதலாளியின் தயவு தேவைப்படவில்லை. திரையை மறுபடி எழுப்பினேன். பெயர், பாஸ்வேர்டு, ஒரு நொடி கறுப்பு, அப்புறம் டாக்டரம்மாவின் கிளினிக் அழகாகக் கண்முன் வந்து நின்றது.

மாப்பிள்ளை கை தட்டினான். நான் தட்டவில்லை. கோளாறு போய்விட்டது, கோளாறு செய்த ஆள் போகவில்லையே. கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறான். நான் அந்தப் பக்கம் போனால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒரே இடத்துக்குத்தான் வந்தது.

பிரிண்ட் கொடுத்துவிட்டுப் பேச்சை மெதுவாக எடுத்தேன். "நேத்து மதியம் எங்க இருந்தே மாப்ள?"

"வீட்ல. தூங்கிட்டிருந்தேன்."

"யாரு பாத்தா?"

"தூங்கறதை யாரு மச்சான் நின்னு பாப்பாங்க? நீ எங்க இருந்தே?"

"சைட்ல."

"ஞாயித்துக்கிழமை சைட்டா? அங்க யாரு உன்னைப் பாத்தா?"

உண்மையில் சைட்டில் யாருமே இல்லை. கொத்தனார்கூட வரவில்லை. நான் திருதிருவென்று விழிப்பதை அவன் பார்த்தான். அவன் கண்ணிலும் அதே சந்தேகம் ஏறுவதை நான் பார்த்தேன். குனிந்து எழுத்துத் திரைக்கு மாற்றி, நான் பார்த்ததையெல்லாம் படித்தான். அவனும் என்னோடு படித்தவன்தானே, ரூட் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான்.

"என் பாதி உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்றான்.

"நான் கேக்க வேண்டியதை நீ கேக்கறியா? என் பாதியை எப்படா எட்டிப் பாத்தே?"

"எட்டிப் பாக்கற புத்தி எனக்கில்ல. தனிக்கடை போடற யோசனை யாருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"நெஞ்சுல கை வெச்சுச் சொல்லு. படிக்கட்டுல நின்னு தெனமும் யார்கிட்ட ரகசியம் பேசறே?"

"என்கிட்ட" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பாப்பா நின்றிருந்தாள். தோளில் பை, கழற்றின செருப்பு இன்னும் கையில். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"நீ இன்னிக்கு என்ன பண்ணினே, யார்கிட்ட எரிஞ்சு விழுந்தே, எந்த ஃபைலைத் தொறந்தே, எல்லாம் நான் வீட்டுக்குப் போய் போன் பண்ணினா படிக்கட்டுல நின்னு என்கிட்டதான் சொல்லுவாரு. நீயும் மாடிக்குக் கூட்டிட்டுப் போய் என்கிட்டதான் அவரைப் பத்திச் சொல்றே. ரெண்டு பேரும் உளவு சொல்ற ஆளு நான்தான்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"நேத்து வந்ததும் நான்தான்" என்றாள். "டாக்டரம்மா போன் பண்ணினாங்க, கீழ்த்தளம் மட்டும் அவசரமா வேணும்னு. உனக்கு அடிச்சேன், எடுக்கல. இவரை எழுப்பினேன், எழுந்திரிக்கல. இங்க வந்தா ஸ்கிரீன் உறைஞ்சு போய்க் கெடந்துது. போன்ல நெட் பாத்து, முதலாளி பாஸ்வேர்டு போட்டு எப்படியோ தொறந்து பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். அதுல ஏதோ கெட்டுப் போச்சு போல. தப்பு என்னுதுதான்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"முழு பாஸ்வேர்டும் உனக்கு எப்படி..." என்று மாப்பிள்ளைதான் கேட்டான்.

"உங்க பாதியை நீங்க சொன்னீங்க. அவன் பாதியை அவன் சொன்னான்."

ஆமாம், சொன்னேன். ஆபீஸ் திறந்த அடுத்த வாரமே சொன்னேன். ஒரு அவசரத்துக்கு வேண்டுமே என்று சொன்னேன். தங்கைதானே என்று சொன்னேன். இவனும் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏதாவது ஆயிட்டா வேணுமேன்னுதான்" என்று முனகினேன்.

"பொய் சொல்லாதே அண்ணா. 'அவன் ஏமாத்திட்டா நீ எனக்கு சாட்சி, இதை ஞாபகம் வெச்சுக்கோ'ன்னு சொன்னே. இவரும் அப்படியே சொன்னாரு, ஒரு எழுத்து மாறல. அண்ணனைப் பத்திப் புருஷன் சொல்றாரு, புருஷனைப் பத்தி அண்ணன் சொல்றான். ரெண்டையும் கேட்டுட்டு உங்க ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டிருந்தேன்."

அறையில் பிரிண்டர் மட்டும் முதல் மாடியை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் அழாமல் இதையெல்லாம் சொன்னது பயமாக இருந்தது.

"டாக்டரம்மா, கட்டட வேலையைக் கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும்னு நேத்து என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன். இன்னிக்கு ரெண்டு பேர்கிட்டயும் சேத்து ஸ்கிரீன் விஷயத்தைச் சொல்லலாம்னு சீக்கிரமா வந்தா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க."

"பாப்பா, போகாதே" என்றேன்.

"இந்த ஆபீஸ் எப்படிம்மா நடக்கும்?" என்றான் மாப்பிள்ளை.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் நானும் இவனும் கிரிக்கெட் மட்டைக்காக அடித்துக்கொண்டபோது பார்த்த அதே பார்வை என்று சொல்லலாம், ஆனால் அன்று அவள் பயந்திருந்தாள். இன்று பயம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"சரி, போகல. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. என் முன்னாடி, சத்தமா, அவங்கவங்க பாதியைச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டும் தெரியட்டும். நான் ஏற்கெனவே கேட்டதுதான், எனக்குக் கூச்சமில்ல. சொல்லிட்டீங்கன்னா டாக்டரம்மாகிட்ட இப்பவே முடியாதுன்னு சொல்லிடறேன்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒரு சொல், இரண்டு எண். நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். மாப்பிள்ளையும் திறந்தான். நான் சொல்லிவிட்டு, இவன் சொல்லாமல் விட்டால்?

"நீ சொல்லு மச்சான்" என்றான்.

"மொதல்ல நீ சொல்லு" என்றேன்.

பாப்பா குனிந்து செருப்பைத் தரையில் போட்டு, காலில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.