நாற்பத்தொன்றாம் வரியில் ஒரு பெண்

1

இந்தக் கதை முழுக்க என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய செயற்கைக்கோள்களில் எந்தெந்த டிவி சேனல்கள் ஓடின, எப்போது தொடங்கினார்கள், எப்போது இழுத்து மூடினார்கள் என்று பட்டியல் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. வேறு எதையோ தேடப்போய் அவர்கள் பட்டியலில் விழுந்தேன். நாற்பத்தொன்றாம் வரி இது: "சோதனை ஒளிபரப்பு. மூன்று நாள். செய்தி வாசிக்கும் பெண், பெயர் தெரியவில்லை. சேனல் கடைசிவரை தொடங்கப்படவில்லை."

அன்றைக்கு என் கால் தரையில் நிற்கவில்லை. யார் அவள்? மூன்று நாள் வாசித்துவிட்டு எங்கே போனாள்? பட்டியலுக்குத் தெரியாது. அதனால் இட்டுக்கட்டுகிறேன்.

2

"பூமிக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு" (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

"சித்தி பொய் சொல்லமாட்டாள் என்று அவள் நம்பிய" (கதையைப் போட்டு உடைக்கிறது.)

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற ஒருத்திக்கு ஒரு சித்தி இருந்தாள். இது நிற்கட்டும்.

3

சித்தி, அம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வயதில் மூன்று நாள் டிவியில் செய்தி வாசித்தேன் என்பாள். வீட்டில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? தொடங்காத சேனலின் சோதனை ஒளிபரப்பைப் பிடிக்க மொட்டைமாடியை அடைக்கிற டிஷ் வேண்டும். சித்தியின் அண்ணன், பெரிய மாமா, விடுவாரா? குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம், "தலைப்புச் செய்தி வந்தாச்சு, எல்லாரும் அமைதி" என்பார். முப்பது வருஷமாக அதே கிண்டல். போன வருஷத்திலிருந்து சித்தி வருவதை நிறுத்திக்கொண்டாள். கேட்டால் முழங்கால் வலி என்றாள். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

சித்தியை மறுபடி கூட்டிவர வேண்டும் என்றுதான் கண்ணாடிக்கடைக்காரி தேட ஆரம்பித்தாள்.

[முதல் வரைவில் இவளை ஆணாக எழுதினேன். அவன் அலைவரிசைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான், சித்தியை மறந்தே போனான். தூக்கிவிட்டேன்.]

4

பட்டியல் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு ஒருவரைப் பிடித்தாள். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அந்தக் காலத்தில் மாடியில் டிஷ் வைத்து, கிடைத்த சிக்னலையெல்லாம் வீடியோ கேசட்டில் பதிந்துவைத்தவர். வீட்டில் மனுஷன் படுக்க இடமில்லை, கேசட்டுக்கு இருந்தது.

கடைசி நாள் பதினான்காம் தேதி என்று சித்தி சொல்லியிருந்தாள். பதினான்கு என்று எழுதிய கேசட்டில் வண்ணப் பட்டைகள், பிறகு கால்பந்து. இரண்டு மாதம் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அதே கால்பந்து, அதே கோல்.

"உங்க சித்தி எத்தனை மணிக்கு ஸ்டூடியோவுல இருந்தாங்க?" என்று ஒருநாள் மெக்கானிக் கேட்டார்.

"விடியக்காலம் அஞ்சுக்கெல்லாம் உக்கார வெச்சுட்டாங்களாம்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதை முன்னாடியே கேட்டிருக்கணும். நாங்க எல்லாம் கிரீன்விச் நேரத்துலதான் எழுதுவோம். இங்க பதினாலு விடியும்போது என் நோட்டுல இன்னும் பதிமூணுதான்."

பதிமூன்று, கட்டிலுக்கு அடியில் இருந்தது.*

* இந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டாள். மாமாவிடம், ஆதாரம் கிடைத்துவிட்டது என்றாள். சித்தியிடம், "முழங்காலைத் தூக்கிக்கிட்டு வா" என்றாள். அன்று காலை பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து முதல்முறையாகக் கேசட்டை ஓட்டினாள்.

கோடுகள். நீலம். பிறகு சித்தி.

கத்தப்போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலி வரவில்லை, வயர் தளர்ந்திருந்தது. சத்தமில்லாமல் பார்த்ததால்தான் கவனித்தாள்: சித்தியின் கண் நகரவில்லை. தினம் முப்பது பேரை எழுத்து வாசிக்க வைக்கிறவள் அவள். வாசிக்கிற கண் வரியோடு ஓடும், வரி முடிந்ததும் குதித்துத் திரும்பும். இந்தக் கண் ஒரே இடத்தில் நின்றது. கையில் தாளும் இல்லை.

வயரை அழுத்தினாள்.

"மூன்று நாட்களாகத் தேடப்பட்டுவந்த மூக்குக்கண்ணாடி, அக்காவின் தலையிலேயே கண்டெடுக்கப்பட்டது. இனி வானிலை. அப்பாவின் கோபம் நாளை காலை மேலும் வலுப்பெற்று, மாலையில் கரையைக் கடக்கும்."

இப்படியே போயிற்று. லைட்டும் காமிராவும் சரிபார்க்க நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும்; சித்தி உட்கார்ந்தாள். மைக்குக்காக ஏதாவது பேசச் சொல்லியிருப்பார்கள், பேசினாள். முப்பத்தொன்பதாம் நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்தச் செய்தியை வாசிக்கும் பெண்ணுக்கு இன்றே வேலை உறுதியாகும் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

கடைசிச் சொல்லின் மேலேயே ஏறிக்கொண்டு, திரைக்கு வெளியிலிருந்து ஓர் ஆண்குரல்: "லைட்டு சரியாயிடுச்சு. எந்திரிங்கம்மா, செய்தி வாசிக்கிறவங்க வந்துட்டாங்க."

6

சித்தி பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். திரையில் அப்படியே நிறுத்திவைத்திருந்த தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன்."

"சித்தி, முழுசாப் பாத்துட்டேன்."

"குரலும் வருதா?"

"வருது."

சித்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "செய்தி வாசிச்சேன்னுதான்டி சொன்னேன். யார் எழுதினதுன்னு யாரும் கேக்கலையே."

கண்ணாடிக்கடைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கும்தான். [இட்டுக்கட்டுகிறேன் என்று முதலில் பெருமையடித்தேன். சித்தி எனக்கு முன்னாலேயே அந்த வேலையைச் செய்துவிட்டாள், அதுவும் தாள் இல்லாமல்.]

"முப்பத்தெட்டாவது நிமிஷத்துல நிறுத்திடறேன் சித்தி. அந்த ஆள் பேசறது வேண்டாம்."

"நிறுத்தினா அந்தக் கடைசிச் செய்தியும் போயிடுமே. நான் வாசிச்சதுலயே நல்ல செய்தி அதுதான்."

7

முடிவு அ: நிறுத்திவிடுகிறாள். மாமா கிண்டலை விட்டுவிடுகிறார். சித்தி ஜெயிக்கிறாள், ஆனால் அந்தச் செய்தியை யாரும் கேட்கவில்லை.

முடிவு ஆ: முழுக்க ஓடுகிறது. "எந்திரிங்கம்மா" என்று குரல் வருகிறது. மாமா சித்தியைத் திரும்பிப் பார்த்து

(இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.)

முடிவு இ: கேசட் சிக்கிக்கொள்கிறது. ஏமாற்று வேலை. அடித்துவிட்டேன்.

மாமா மாடிப்படியிலேயே ஆரம்பித்தார்: "தலைப்புச் செய்தி வந்தாச்சா?" எல்லோரும் உட்கார்ந்தார்கள். கேசட் ஓடியது. மூக்குக்கண்ணாடிச் செய்தியில் அம்மா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வானிலை அறிக்கையில் மாமா சிரித்தார்; கிண்டல் சிரிப்பு இல்லை, தன் அப்பாவை நினைத்துச் சிரித்த சிரிப்பு. பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கடைக்காரி ரிமோட்டைச் சித்தியிடம் நீட்டினாள்.

"என்கிட்ட வேண்டாம், நிறுத்தினாலும் நிறுத்திடுவேன்," என்றாள் சித்தி. "யாராவது வெச்சுக்குங்க."

என்னையும் நம்ப முடியாது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டாம் நிமிடம் முடிந்துவிட்டது, திரையில் அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறாள்.